முருங்கை மரத்து வேதாளமும் மும்பைத் தமிழரும்

வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிற்று என்னும் பழமொழி நம் வீடுகளில் இன்றும் வழங்கி வருகிறது. விட்ட பழக்கத்தை மறுபடி பிடித்துக்கொண்ட பெரியவரையும், அடங்கியது போலிருந்து திடீரென்று பிடிவாதம் செய்யும் குழந்தையையும் குறித்து அதனைச் சொல்கிறோம். ஆனால் அந்த வேதாளம் எது, அது ஏன் மரத்தை விட்டு இறங்கிற்று, ஏன் திரும்ப ஏறிற்று என்று கேட்டால், தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த நம்மவருள் பலர் இந்தித் தொலைக்காட்சியில் கண்ட கதையைத்தான் சொல்வர். அதில் குறையொன்றும் இல்லை. அத்தொடரைப் பற்றியும், அதைப் பார்த்தவர்கள் அதன் பாத்திரங்களை வைத்துக்கொண்டு வாதாடியதைப் பற்றியுமே இங்கு சிறிது கூற விரும்புகிறோம்.

பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. சென்னைக்கு அது 1975-ல்தான் வந்தது. ஆகவே மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்த தமிழருள் சிலர், ஊரிலிருந்த உற்றார் உறவினருக்கு முன்னதாகவே அந்தப் பெட்டியைக் காணும் பேறு பெற்றனர். எனினும் 1985-ல் இராமானந்த சாகர் 'விக்ரம் அவுர் பேதாள்' என்னும் தொடரைத் தூரதர்ஷனில் அளித்த காலத்திலும் எல்லா வீடுகளிலும் பெட்டி இருந்ததில்லை. தாராவியின் நெருக்கமான சந்துகளில், பெட்டி உள்ள வீட்டில் அண்டை அயலார் வந்து தரையில் அமர்வர். இடம் போதாதவர் வாசலில் நின்றே பார்ப்பர். அரசனாக அருண் கோவில் என்ற நடிகரும், வேதாளமாகச் சஜ்ஜன் என்ற மூத்த நடிகரும் தோன்றினர். 1987-ல் தொடங்கிய இராமாயணத் தொடரில் அதே அருண் கோவில் இராமபிரானாக வந்தபோது மக்கள் கைகூப்பினார்கள். அதற்கு முன் நம் குழந்தைகளுக்கு அவர் பிணம் சுமந்த அரசர்தாம்.

கதையின் கட்டுக்கோப்பு எளியது. துறவி ஒருவன் நாள்தோறும் அரசனுக்கு ஒரு பழம் கொடுத்து வருகிறான். ஒருநாள் ஒரு குரங்கு பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து இரத்தினம் விழுகிறது. இத்தனை கொடைக்கும் கைம்மாறாகச் சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவருமாறு துறவி வேண்டுகிறான். பிணத்தினுள் வேதாளம் குடிகொண்டிருக்கிறது. வழிநடையில் அது ஒரு கதை சொல்லி, கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாதிருந்தால் அவன் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மரத்துக்குப் போய்விடும். அறிவுள்ளவனை அவனது அறிவைக் கொண்டே மடக்கும் பொறி இது.

இதனாலேயே இக்கதைகள் பார்ப்பவரைச் சும்மா இருக்க விடுவதில்லை. வேதாளம் கேள்வியை முடித்ததும் அரசன் விடை கூறுமுன் ஒரு சிறு இடைவெளி வருமன்றோ? அந்த இடைவெளியில் வீட்டிலுள்ளோர் அனைவரும் விடை கூறுவர். அரசனுடைய தீர்ப்பு வந்தபின் அதனை ஏற்பவர் ஒரு புறமும் மறுப்பவர் ஒரு புறமுமாகப் பிரிவர். தொடர் இந்தியில் நடந்தது. வழக்கு தமிழில் நடந்தது. இதுதான் நாம் கவனிக்கத்தக்கது. பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசிய பிள்ளை, "ஏன் அப்படி?", "அது எப்படி நியாயமாகும்?" என்று பாட்டியிடம் தமிழில் கேட்டாக வேண்டியிருந்தது. சோறு போடு, தண்ணீர் கொடு என்பதற்கு வேண்டிய தமிழ் வேறு. ஒரு தீர்ப்பை மறுப்பதற்கு வேண்டிய தமிழ் வேறு. முன்னது வீட்டில் தானாக வந்துவிடும். பின்னது வழக்காடினால்தான் வரும்.

பாட்டிமாருக்கு மற்றொரு மனக்குறையும் இருந்தது. பட்டி எங்கே என்பதே அது. தமிழ்நாட்டில் வழங்கும் விக்கிரமாதித்தன் கதையில் மதியூகியான பட்டி இல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை. அரசனுக்கு இந்திரன் ஆயிரம் ஆண்டு ஆட்சி அளித்தான் என்றும், ஆறு மாதம் நாட்டிலும் ஆறு மாதம் காட்டிலும் இருந்தால் ஆயிரம் இரண்டாயிரம் ஆகும் என்று வழி கண்டவன் பட்டியே என்றும் நம்மவர் சொல்வர். காடாறு மாதம் நாடாறு மாதம் என்ற வழக்கு அதிலிருந்தே வந்தது. இந்தித் தொடரோ பைதால் பச்சீசி என்னும் வடநாட்டு மரபைத் தழுவியது. அதில் பட்டிக்கு இடமில்லை. மரமுங்கூட முருங்கையன்று. 11-ஆம் நூற்றாண்டில் காச்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அது சிம்சுபா மரம். அசோகவனத்தில் சீதை தங்கியதாக வான்மீகர் கூறும் மரமும் அதுவே. முருங்கையின் கிளை ஒரு பிணத்தைத் தாங்காது என்பது தோட்டம் வைத்தவர் எவருக்கும் தெரியும்; ஆயினும் தமிழ் வேதாளம் அதைவிட்டு இறங்க மறுக்கிறது! சோமதேவர் கூறும் அரசன் உச்சயினியில் இருந்தவனும் அல்லன். கோதாவரிக் கரையிலுள்ள பிரதிட்டானத்தில் ஆண்டவன். அவ்வூர் இன்று பைட்டண் என்ற பெயருடன் மகாராட்டிரத்தில் இருக்கிறது. நாம் பிழைக்க வந்த மாநிலமே கதையின் பிறப்பிடம் என்று மும்பைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

இனி, வழக்குகளில் சிலவற்றைப் பார்ப்போம். ஒரு பெண்ணை மூவர் விரும்புகின்றனர். அவள் திடீரென்று இறந்துபோகிறாள். ஒருவன் அவள் சாம்பலின் மீதே படுத்துக் கிடக்கிறான்; ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான்; ஒருவன் எங்கெங்கோ அலைந்து, இறந்தோரை எழுப்பும் மந்திரம் கற்று வந்து அவளை எழுப்புகிறான். அவள் யாருக்கு உரியவள்? உயிர் தந்தவன் தந்தையாவான், எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன் கடனைச் செய்தவன், சாம்பலோடு கிடந்தவனே கணவன் என்பது அரசனின் தீர்ப்பு. கூர்மையான தீர்ப்புத்தான். ஆனால் எழுந்து நின்ற அப்பெண்ணை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இக்காலத்துப் பெண்பிள்ளைகள் இதைச் சுட்டிக்காட்டாமல் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அரசன் சொன்னான் என்பதற்காக வழக்கு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

தலை மாறிய கதை இதனினும் கடினமானது. கோயிலில் தலையற்றுக் கிடந்த இருவரை ஒரு பெண் அம்பிகையின் அருளால் உயிர்ப்பிக்கிறாள். பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். அவ்விருவருள் ஒருவன் அவள் கணவன். மற்றவன், சோமதேவர் சொல்லும் கதையில், அவளுடைய உடன்பிறந்தான்! அவனைக் கணவனின் நண்பனாக மாற்றிச் சொல்வாரும் உண்டு. எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று நாம் சொல்வது போலவே, தலை உள்ளவனே கணவன் என்கிறான் அரசன். இந்தத் தீர்ப்பு உலகத்தாரை ஓயவிடவில்லை. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் 1940-ல் இதனை ஒரு குறுநாவலாக்கினார். அதனைப் படித்த கிரீஷ் கர்னாட் 1971-ல் 'ஹயவதன' என்னும் கன்னட நாடகத்தை எழுதினார். உடலுக்கும் நினைவு உண்டு, அது தன் பழைய வேலையை மறப்பதில்லை என்று அந்நாடகம் அரசனை எதிர்த்து வாதாடுகிறது. கர்னாட் பிறந்த ஊர் மும்பைக்கு அருகிலுள்ள மாதேரான். ஓர் ஊரில் பிறந்து, வேறோர் ஊரில் உழைத்து, இரண்டில் எது தன்னுடையது என்று திகைப்பவர்க்கு இக்கதை சற்றுக் கூடுதலாகவே விளங்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேதாளம் தொலைக்காட்சியால்தான் அறிமுகமாயிற்று என்று சொல்லிவிடவும் முடியாது. 1947-ல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா, இருபத்தைந்து கதைகளும் தீர்ந்த பின்னும் புதிய வேதாளக் கதைகளைப் பல்லாண்டு வெளியிட்டது. வாளேந்திய அரசன் பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் சித்திரத்தை அதில் வரைந்தவர் 2020-ல் மறைந்த ஓவியர் சங்கர். அவ்விதழ் இப்போது வெளிவருவதில்லை. தொடரையோ இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் அவரவர் கைப்பேசியை அவரவர் பார்க்கையில், அரசனுக்கு முன் விடை சொல்லிப் பக்கத்திலிருப்பவரிடம் தோற்பதற்கு ஆள் இல்லை.

கடைசிக் கதைக்கு வருவோம். இதற்கு மட்டும் அரசனால் விடை கூற இயலவில்லை. ஓர் அரசனும் அவன் மகனும் காட்டில் இரு பெண்களின் அடிச்சுவடுகளைக் காண்கின்றனர். பெரிய அடியுடையவளைத் தந்தையும் சிறிய அடியுடையவளை மகனும் மணப்பது என்று பேசிக்கொள்கின்றனர். போய்ப் பார்த்தால் இருவரும் தாயும் மகளும். பெரிய அடி மகளுடையது! சொன்ன சொல் தவறாமல் தந்தை மகளையும், மகன் தாயையும் மணந்தனர். இரு தம்பதியர்க்கும் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை?

கண்ணில் படுவோரையெல்லாம் 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்று அழைத்துப் பழகிய பிள்ளைக்கு இக்கேள்வியே புரியாது. தமிழில் போட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் வெளிச்சம் உண்டாகும். தந்தைக்குப் பிறந்த பையன், மகனுக்குத் தம்பி. ஆதலால் மகனுடைய பிள்ளைக்குச் சித்தப்பா. மகனுக்குப் பிறந்த பையனோ, அந்தச் சித்தப்பாவின் தாய்க்குத் தம்பி. ஆதலால் சித்தப்பாவுக்குத் தாய்மாமன்! இருவரும் பெண்களாயின் ஒருத்தி அத்தை, மற்றொருத்தி சித்தி. அரசனுக்கு நம் உறவுமுறைச் சொற்கள் தெரிந்திருந்தால் அவன் வாய் திறந்திருப்பான். வேதாளமும் மறுபடி முருங்கை மரம் ஏறியிருக்கும். விடை தெரியாமல் மௌனமாக நடந்ததால்தான் அது மனமிரங்கி, துறவி அவனைப் பலியிட எண்ணியிருக்கும் சூழ்ச்சியைச் சொல்லி அவன் உயிரைக் காத்தது. அத்தனை முறை தப்பியோடிய வேதாளம் பகைவனா, காவலனா என்பதும் வீட்டில் கேட்டுப் பார்க்கத்தக்க வழக்கே.

ஆனால் அதற்கு முன் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. மருமகனுக்குக் காது குத்துகையில் தாய்மாமன் மடியில் அமர்த்தவேண்டும் என்பது நம் வழக்கம். இங்கே தாய்மாமனும் தொட்டிலில் கிடக்கிறான், மருமகனும் தொட்டிலில் கிடக்கிறான். யார் மடியில் யாரை அமர்த்துவது?