விமானி வேலைக்கு சிமுலேட்டர் பரீட்சை

என் அண்ணன் மகள் விமானிக்குப் படித்தவள். 200 மணி நேரம் பறந்து லைசென்ஸும் வாங்கியாச்சு. அதற்காகப் பாபநாசத்து நஞ்சையில் பாதி அடமானத்தில் இருக்கிறது. வேலை கிடைத்தால்தான் அதை மீட்க முடியும். எழுத்துப் பரீட்சை தேறிவிட்டாள், அடுத்தது சிமுலேட்டர்.

சிமுலேட்டர் என்பது விமானி அறை போலவே அமைத்த பெரிய கூண்டு. ஆறு கால்கள் மேல் நின்று நிஜ விமானம் மாதிரியே ஆடும். குருகிராம், ஹைதராபாத் போன்ற ஊர்களில் இருக்கிறது.

"ஓட்டிப் பழகாத பெரிய விமானத்தை எப்படிடி ஓட்டிக் காட்டுவே?" என்று கேட்டேன்.

"அது தெரியுமான்னு பாக்கறதில்லை அத்தை. சொன்னா பிடிச்சுக்கறேனா, பதறாம இருக்கேனா, பக்கத்து விமானியோட ஒத்துப் போறேனான்னுதான் பாப்பாங்க."

கூடத்துச் சுவரில் விமானி அறைப் படத்தை ஒட்டி, எதிரே இரண்டு நாற்காலி போட்டோம். பக்கத்து விமானி நான்தான்! கண் ஒரே முள்ளில் நிற்கக் கூடாதாம். நடுவில் உள்ள கருவியைப் பார்த்து, வேகம் பார்த்து, திரும்ப நடுவுக்கு வந்து, பிறகு உயரம். பாலையே முறைத்துக் கொண்டிருந்தால் பக்கத்து அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்காதா, அதே கதைதான்.

மேலே கிளம்பும்போது ஒரு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திவிடுவார்களாம். இரட்டை மாட்டு வண்டியில் இடது மாடு படுத்தால் வண்டி இடப்பக்கமே இழுக்கும் இல்லையா? விமானமும் அப்படித்தான். வலது காலால் மிதித்து நேராக்க வேண்டும். 400 அடி ஏறும்வரை அவசரப்பட்டு எதையும் அணைக்கக் கூடாது.

செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான் இவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பெண் குழந்தைகளை "வாயை மூடு" என்றே வளர்த்துவிடுகிறோம். அங்கே வாயைத் திறந்தால்தான் மார்க். 1985-லேயே சௌதாமினி தேஷ்முக், நிவேதிதா பஸின் இருவரும் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு ஃபோக்கர் விமானத்தை ஓட்டிப் போனார்கள். பேசாமலா ஓட்டியிருப்பார்கள்?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை நேரம் நடுராத்திரியாகவும் அமையலாம். அப்படியானால் மூன்று நாள் முன்பிருந்தே தூங்கும் நேரத்தை மாற்றிப் பழக்குங்கள். மயக்கம் தரும் சளி மாத்திரை வேண்டாம். வெறும் வயிற்றோடும் அனுப்பாதீர்கள். இரண்டு இட்லி, கொஞ்சம் மோர் சாதம் போதும். எண்ணெய்ப் பலகாரமெல்லாம் வீடு திரும்பிய பிறகு செய்து கொடுக்கலாம்.