பொதியும் கட்டும்

தமிழர் நாடோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'பாக்கிங்' என்பதும் ஒன்று. இது தனியொரு தொழிலைக் குறிப்பதன்று. நம் சொற்கள் பலவற்றின் வேலையைத் தானொன்றே மேற்கொண்டு, அவற்றின் வேறுபாட்டை மறைத்து நிற்பது. அவ்வேறுபாட்டைக் கண்கூடாகக் காண்டற்குக் கீழப்பழுவூர் ஏற்ற இடம். திருச்சிராப்பள்ளியினின்று சிதம்பரம் செல்லும் சாலையும், அரியலூரினின்று தஞ்சை செல்லும் சாலையும் ஆண்டுக் கூடுகின்றன.

அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி, 50 கிலோப் பைகளில் வெளியேறுகின்றது. அப்பையின் வாய் முன்னரே மூடப்பட்டிருக்கும்; மூலையில் மடிப்புவழி ஒன்று மட்டும் உண்டு. பொறியின் குழல் அதன்வழியே சிமெண்டைப் புகுத்தி நீங்கியதும், உள்ளிருக்கும் பொருளின் அழுத்தத்தால் மடிப்புத் தானே மூடிக்கொள்ளும். கட்டுவாரும் இல்லை, தைப்பாரும் இல்லை. இதனை 'மூட்டை கட்டுதல்' என்றல் பொருந்துமோ? 'அடைத்தல்' என்பதே பொருந்தும். நெல்லோ அங்ஙனமன்று. அரசினர் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நிறுத்துச் சாக்கிலிட்டு வாயைத் தைப்பர். அது 'சிப்பம்' எனப்படும். நூல் கற்ற நாம் மறந்த இச்சொல்லைச் சுமை தூக்குவோர் மறந்திலர்.

இனி, கட்டுதலாவது புறத்தே சுற்றி இறுக்குதல். விறகுக்கட்டும் புல்லுக்கட்டும் காண்க. பொதிதலாவது ஒன்றை உள்ளே வைத்துச் சூழ மூடுதல். வழிநடையால் இளைத்த அப்பரடிகளுக்குத் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் இறைவன் அந்தணராய் வந்து பொதிசோறு அளித்த செய்தியைச் சேக்கிழார் பெரியபுராணத்துட் கூறுவர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லுள் பண்டைக் கடலின் கிளிஞ்சில்கள் கிடக்கும் நிலைக்கும் 'பொதிதல்' என்பதே தக்கது. அங்கே கட்டியவர் யார்? சொல்லினுள் பொருள் இருப்பதனையும் 'பொதிந்துள்ளது' என்றே கூறுகின்றோம்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கூறுமிடத்து, புலிப்பொறி இட்ட பண்டங்கள் 'பொதி மூடை' எனக் குறிக்கப்படுகின்றன. அம்மூடை தென்மாவட்டத்து நெற்களங்களில் இன்றும் வழங்குகின்றது. ஏனையோர் அதனை மூட்டை என்பர். ஊரைவிட்டு நீங்குவானையும் 'மூட்டை கட்டினான்' என்கின்றோம். கைவிட்ட முயற்சியையும் 'மூட்டை கட்டி வைத்தான்' என்கின்றோம். ஆங்கிலரும் தம் சொல்லை ஏறத்தாழ இவ்வாறே ஆளுதல் வியப்பே.

ஓரிடத்து மட்டும் 'பாக்கிங்' என்னும் சொல்லோடு எமக்கு வழக்கில்லை. நீரிறைக்கும் பம்பின் சுழல்தண்டைச் சுற்றி, நீர் கசியாவண்ணம் செறிக்கும் பின்னற்கயிற்றுக்கு அப்பெயர். அது தேய்ந்து நீர் ஒழுகுங்கால், 'பாக்கிங் போய்விட்டது' என்பர் உழவர். அஞ்சி முற்றும் இறுக்கினாலோ தண்டு சூடேறித் தேய்ந்துவிடும். ஆதலின், கைதேர்ந்த தொழிலாளர் சில துளிகள் சொட்டும்படி விட்டே அதனை முடுக்குவர்.