ஆனி ஓக்லியாகவே நின்றுவிட்ட நடிகை

ஒரே கட்டணத்தில் இரண்டு படங்களைக் காட்டும் வழக்கம் 1930களிலும் 1940களிலும் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவியிருந்தது. முதற்படம் பெரும் பொருட்செலவில் உருவானது. அதற்குத் துணையாக வந்த படமோ ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும். ஓரிரு வாரங்களில் எடுத்து முடிக்கப்படும். இவற்றையே 'பி' படங்கள் என்றனர். அவற்றில் நடித்தோர் பலரைக் காலம் மறந்துவிட்டது. மறக்கப்படாத ஒருவரைப் பற்றியே நாம் இங்குக் கூற விழைகின்றோம்.

கெயில் டேவிஸ் 1925ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்தார். இயற்பெயர் பெட்டி ஜீன் கிரேசன். மணமானபின் பெட்டி டேவிஸ் ஆனார். ஹாலிவுட்டிலோ அப்பெயரில் புகழ்மிக்க நடிகை ஒருவர் முன்னரே இருந்தார். கிரேசன் என்று வைத்துக்கொள்ளலாமெனில், கேத்ரின் கிரேசன் இருந்தார்! ஆகவே கெயில் என்ற புதுப்பெயர் பிறந்தது.

1947இல் திரையில் தோன்றிய அவர், பின்னர்க் கௌபாய் படங்களில் கதாநாயகனை வியந்து நிற்கும் பெண்ணாகவே பெரிதும் நடித்தார். எனினும் பாடகரும் நடிகருமான ஜீன் ஆட்ரி, குதிரையேற்றத்தில் அவருக்கிருந்த திறமையைக் கண்டு, தம் படங்கள் பலவற்றில் வாய்ப்பளித்தார். தொலைக்காட்சி இல்லங்களுக்குள் புகுந்ததும் 'பி' படங்களின் காலம் முடிந்தது. ஆட்ரியின் இறுதித் திரைப்படம் 1953இல் வெளிவந்தது.

ஆனால் ஆட்ரியின் நிறுவனம் அதற்கு முன்பே தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. 1954 ஜனவரியில் 'ஆனி ஓக்லி' தொடர் ஆரம்பமாயிற்று. உண்மையான ஆனி ஓக்லி (1860–1926) ஒஹையோ மாநிலத்தவர். காட்சி மேடைகளில் குறிபார்த்துச் சுட்டுப் புகழ்பெற்றவர். தொடரிலோ அவர் டயாப்லோ என்னும் ஊரில் தம்பியை வளர்த்துக்கொண்டு கயவரை அடக்குகிறார். வரலாறு கற்றோர் இதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டிருப்பர். சிறுவர்க்கு அதுபற்றிக் கவலையில்லை. ஐந்தடி இரண்டு அங்குல உயரமே உள்ள, இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், ஆண்கள் மட்டுமே வீரராய் வலம்வந்த உலகில் தாமே நாயகியானார். கௌபாய் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பெண்ணொருவர் தலைமையேற்று நடத்தியது அதுவே முதன்முறை. தம்பிக்கு உணவு சமைப்பவரும் அவரே, கள்வரைத் துரத்துபவரும் அவரே. பெண் குழந்தைகளின் விளையாட்டில் துப்பாக்கியும் குதிரையும் இடம்பெற்றதில் வியப்பில்லை.

81 பகுதிகளுடன் 1957இல் தொடர் நிறைவுற்றது. அப்போது கெயிலுக்கு வயது 31தான். நடிக்கும் ஆற்றல் இருந்தும் வாய்ப்புகள் அருகின. இயக்குநர்களின் கண்ணுக்கு அவர் ஆனியாகவே தோன்றினார். இது எத்துணைக் கொடிய பாராட்டு! 1961இல் 'ஆண்டி கிரிஃபித்' தொடரில் ஒரு வேடம் வந்தது. அதுவும் குறிதவறாது சுடும் பெண் வேடமே.

அதன்பின் நடிப்புலகை விட்டு ஏறத்தாழ ஒதுங்கி, பிற கலைஞர்களின் மேலாளராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் கௌபாய் பட விழாக்களுக்கு அவர் சென்றபோது, முன்னாளில் தொலைக்காட்சி முன் அமர்ந்த குழந்தைகள் நடுவயதினராய் வந்து அவரைச் சூழ்ந்தனர். 1997 மார்ச் 15இல் லாஸ் ஏஞ்சல்ஸில் புற்றுநோயால் காலமானார். டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் குதிரைவீராங்கனையருக்கென அமைந்த தேசியப் புகழ்மன்றம் 2004இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. உண்மையான ஆனி ஓக்லியின் பெயரும் அங்கேதான் இருக்கிறது.