செங்காந்தள் தொட்டி வளர்ப்பு

செங்காந்தள் என்பது வெப்பமண்டல ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வளரும், கிழங்கிலிருந்து முளைக்கும் ஏறுகொடி ஆகும். இதன் அறிவியற் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 1753 ஆம் ஆண்டில் கார்ல் லின்னேயசு இப்பெயரை இட்டார். முன்னர் அல்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இக்கொடி தற்போது கொல்சிகேசியே என்னும் குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. தமிழில் காந்தள், தோன்றி, கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு எனப் பல பெயர்கள் இதற்கு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே.

வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் தானாக வளரும் இக்கொடி, அதன் மலரின் நிறத்துக்காகத் தொட்டிகளிலும் வளர்க்கப்படுகிறது. குளிர் நாடுகளில் இது வீட்டின் உள்ளே, வெயில் விழும் சன்னலோரத்தில் வைக்கப்படும் செடியாகும். வெப்ப நாடுகளில் மாடியும் முற்றமும் போதும். வளர்ப்பு கடினமானதன்று. எனினும் ஆண்டுதோறும் கொடி முழுவதும் மடிந்துபோவதும், வேர் முதல் விதை வரை எல்லாப் பகுதிகளும் கடும் நஞ்சாக இருப்பதும் இதனை மற்ற வீட்டுச் செடிகளிலிருந்து வேறுபடுத்துகின்றன. முன்னதை அறியாதவர் உயிருள்ள கிழங்கைத் தூக்கி எறிந்துவிடுவர். பின்னதை அறியாமல் இருப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

== கொடியின் இயல்பு ==

கொடி பொதுவாக 2 முதல் 3 மீட்டர் வரை ஏறும். இதற்குத் தனியே பற்றுக்கம்பிகள் இல்லை. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகச் செயற்படுகிறது. இலைநுனியால் மெல்லியவற்றை மட்டுமே சுற்றிக்கொள்ள முடியும். ஆகவே பருத்த கம்பமோ சுவரோ இக்கொடிக்குப் பயன்படாது. மெல்லிய குச்சி, கம்பி, வலை ஆகியவையே ஏற்றவை.

மலரில் ஆறு இதழ்கள் உள்ளன. அலை அலையான விளிம்புடைய இவை பின்னோக்கி மேலே வளைந்து தீச்சுடர் போலத் தோன்றும். மலர் ஒரே நிறத்தில் நிற்பதில்லை. பசுமை கலந்த மஞ்சளாக விரிந்து, நாட்கள் செல்லச் செல்ல அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, இறுதியில் முழுச் சிவப்பாகிறது. ஒரே கொடியில் இந்நிறங்கள் யாவற்றையும் ஒருங்கே காணலாம். சங்க இலக்கியத்தில் காந்தள் குறிஞ்சி நிலத்துக்குரிய மலராகும். மகளிரின் விரல்களுக்கு உவமையாக இது பலமுறை வருகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லப்படும் மலர்களின் பட்டியலும் செங்காந்தளிலிருந்தே தொடங்குகிறது.

தொட்டிகளில் பெரிதும் வளர்க்கப்படுவது 'ரோத்சைல்டியானா' என்னும் வகை ஆகும். இதன் இதழ்கள் அகன்று, மஞ்சள் விளிம்புடன் கருஞ்சிவப்பாக இருக்கும். முழு மஞ்சள் நிறமான 'லூட்டியா' என்னும் வகையும் கிடைக்கிறது.

== கிழங்கு நடுதல் ==

கிழங்கு கலப்பையைப் போலக் கவைத்த வடிவினது. கலப்பைக்கிழங்கு என்னும் பெயர் இதனால் ஏற்பட்டது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைமொட்டு மட்டுமே இருக்கும். உருளைக்கிழங்கில் பல கண்கள் இருப்பது போல இதில் இல்லை. மொட்டு ஒடிந்துவிட்டால் அக்கிளை முளைப்பது அரிது. எனவே வாங்கும்போது கிழங்கின் பருமனைக் காட்டிலும் நுனி பழுதின்றி இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

குறைந்தது 25 செ.மீ. ஆழமுள்ள, அடியில் துளைகள் கொண்ட தொட்டி தேவை. தோட்ட மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். களிமண் ஆகாது. கிழங்கைப் படுக்கை வாட்டத்தில், 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் வைத்து மண்ணால் மூட வேண்டும். தாங்குகுச்சியையும் அப்போதே நட்டுவிடுவது நல்லது. பின்னர் குத்தினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் பாய்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் நடுவதற்கு ஏற்ற காலம் ஆனி, ஆடி மாதங்கள் ஆகும். குளிர் நாடுகளில் இளவேனிலின் தொடக்கத்தில் நடப்படுகிறது. முளைவிட 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். முளை வெளிவரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மண் சற்றே ஈரமாக இருந்தால் போதும். முளை வரவில்லையே என்று நீரை மிகுதியாக ஊற்றுவதாலேயே பெரும்பாலான கிழங்குகள் அழுகுகின்றன.

== ஒளி, நீர், உரம் ==

முளைத்த பின் கொடி விரைந்து வளரும். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். கடும் உச்சி வெயிலில் மட்டும் சிறிது நிழல் நல்லது. ஒளி குறைந்த அறையில் கொடி மெலிந்து நீளுமேயன்றிப் பூக்காது. மேல்மண் காயும்போதெல்லாம் நீர் ஊற்ற வேண்டும். தட்டில் நீர் தேங்கக் கூடாது. இரு வாரங்களுக்கு ஒருமுறை நீர்த்த உரக்கரைசல் இடலாம். கொடியின் நுனி எளிதில் ஒடியக்கூடியது. பூக்கள் நுனிப்பகுதியிலேயே தோன்றுவதால் நுனி ஒடிந்த தண்டில் அவ்வாண்டு பூ எதிர்பார்க்க இயலாது.

மலரின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கிறது. இதனால் வீட்டினுள் காய் பிடிப்பது குறைவு. விதைக்காக வளர்க்கும் விவசாயிகள் காலை வேளையில் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கின்றனர். வீட்டில் காய் தேவையில்லை. வாடிய பூக்களை அகற்றிவிட்டால் சிவந்த விதைகள் சிறுவர் கையில் சிக்காது.

== ஓய்வுக்காலம் ==

பூத்து முடிந்த சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகி, கொடி அடிவரை காய்ந்துவிடும். இது நோயன்று. பழைய கிழங்கு அவ்வாண்டு வளர்ச்சிக்குச் செலவாகிச் சுருங்கிவிடுகிறது. அதற்கு மாற்றான புதுக் கிழங்கை இலைகள் ஊட்டி வளர்க்கின்றன. ஆகவே பூ உதிர்ந்ததும் பச்சைக் கொடியை வெட்டுவது மறு ஆண்டின் பூவை வெட்டுவதற்கு ஒப்பாகும். இலைகள் தாமாகக் காயும் வரை நீரைப் படிப்படியாகக் குறைத்து, பின்னர் முற்றிலும் நிறுத்த வேண்டும். கிழங்கைத் தொட்டியிலேயே உலர விட்டு, மழையும் குளிரும் படாத இடத்தில் வைப்பது பாதுகாப்பானது. வெளியே எடுத்தால் முளைமொட்டு ஒடியும் வாய்ப்பு மிகுதி. உலர்ந்த மண் மட்டுமே உள்ள தொட்டியை வெற்றுத் தொட்டி என்று பிறர் கொட்டிவிடாதபடி பெயரெழுதி வைப்பது வழக்கம்.

== பூச்சிகள் ==

நஞ்சுள்ள செடியாயினும் இதனை உண்ணும் பூச்சி ஒன்று உண்டு. பாலிடெலா குளோரியோசே என்னும் அந்துப்பூச்சியின் புழு, கறுப்பு உடலில் செம்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் கொண்டது. சில நாட்களிலேயே கொடியை மொட்டையாக்கிவிடும். தொட்டியில் சில கொடிகளே இருப்பதால் கையுறை அணிந்து பொறுக்கி அகற்றுவதே போதுமானது. வீட்டினுள் காற்று வறண்டிருந்தால் செஞ்சிலந்திப் பேன் தோன்றலாம்.

== நச்சுத்தன்மை ==

செடியின் எல்லாப் பகுதிகளிலும் கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. கிழங்கிலும் விதையிலும் இது மிகுதி. வேகவைப்பதால் நஞ்சு நீங்காது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி அல்லது வேறு வள்ளிக்கிழங்கு என்று தவறாகக் கருதிச் சமைத்து உண்டு நேர்ந்த இறப்புகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சில மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்றுப்போக்கு, தொண்டை எரிச்சல் தொடங்கும். பின்னர் உள்ளுறுப்புகள் செயலிழக்கலாம். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் முடி கொட்டுவது உண்டு. எளிதில் கிடைக்கக்கூடிய முறிமருந்து எதுவும் இல்லை. ஆதலால் அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், உண்டது தெரிந்தவுடனேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நாய், பூனை, ஆடு, மாடு ஆகியவற்றுக்கும் இது நஞ்சாகும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இக்கொடியை வளர்க்காமல் இருப்பதே அறிவுடைமை.

கிழங்கைத் தொடும்போது கையுறை அணிய வேண்டும். உலர்ந்த கிழங்குகளை அடுக்களையில் வைக்கக் கூடாது. சித்த மருத்துவத்தில் கிழங்கு முறைப்படி சுத்தி செய்யப்பட்டே பயன்படுத்தப்படுகிறது. அதனை வீட்டில் செய்து பார்ப்பது உயிருக்கு ஆபத்தானது.

== கிழங்கு கிடைக்கும் இடம் ==

கொல்சிசின் கீல்வாத மருந்தாகப் பயன்படுவதால், தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் முதலிய இடங்களில் செங்காந்தள் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. விதை பெரிதும் ஏற்றுமதியாகிறது. நடவுக்கும் மருந்துக்கும் காட்டுக் கிழங்குகளைத் தோண்டியதால் பல இடங்களில் இக்கொடி அருகிவிட்டது. எனவே தொட்டிக்கு வேண்டிய கிழங்கை வேலியிலிருந்தோ காட்டிலிருந்தோ பறிக்காமல், பயிரிடுவோரிடமோ நாற்றுப்பண்ணையிலோ பெற வேண்டும். விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் விதை முளைக்கப் பல மாதங்கள் ஆவதுடன், முதற் பூவுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கவும் நேரிடும்.