பெயர் பிசகினால் புத்தகம் தொலையும்

கட்சால்: 1964-ம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, இத்தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களுக்குப் பெயர்ப் பிசகின் தொல்லையை விளக்கத் தேவையில்லை. ஒரு தாளில் முருகையா, மறு தாளில் முருகய்யன் என்றிருந்தால், ஆள் ஒருவரா இருவரா என்று எந்த ஆபீஸும் கேட்கும்.

நூலகப் பட்டியலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதும் இதே சங்கடம்தான். 'புதுமைப்பித்தன்', 'சொ. விருத்தாசலம்', 'விருத்தாசலம், சொ.' மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரு பெயரில் தேடினால் மறு பெயரில் பதிந்த நூலைக் காட்டாது. அலமாரியில் புத்தகம் இருக்க, வாசகர் வெறுங்கையோடு திரும்புவார்.

ஆகவே, மாற்றுவதற்கு முன்பே ஒரு பெயரை முதன்மையாக வைத்து, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும். சர்வதேசப் புத்தக எண் 1970-ல்தான் வந்தது. அதற்கு முந்திய தமிழ் நூல்களில் அது இராது. எனவே இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குமுன் பதிப்பகம், ஆண்டு இரண்டையும் கண்ணால் ஒப்பிட வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால், திரையில் கிறுக்கலே மிஞ்சும். பழைய பட்டியலின் நகலை வேறிடத்தில் வைப்பதும் அவசியம். 2004-ல் சுனாமி கண்ட தீவுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமோ?

நியூஸிலாந்தில் பிறந்த 'கோஹா' என்னும் நூலக மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பெயர்களைச் சரிபார்க்கும் பொறுமைதான் விலைக்குக் கிடைக்காது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காப்பது. கட்சாலிலிருந்து கப்பலேறிப் போர்ட் பிளேர் செல்லும் மாணவர், தேடிய புத்தகம் கிடைக்காவிட்டால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல முடியுமா?