உடல் ஓயும் வயதும் ஓய்வூதியம் வரும் வயதும்

மேல்விஷாரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், காலை வேளையில் ஒரே வீட்டிலிருந்து இருவகைத் தொழிலாளர் புறப்படுவதைக் காணலாம். அண்ணன் மண்வெட்டியுடன் கழனிக்குச் செல்கிறார். தம்பி சோற்றுப் பாத்திரத்துடன் தோல் பதனிடும் தொழிற்சாலைக்குச் செல்கிறார். இருவர் உழைப்பும் உடலுழைப்பே. அந்த உடல் ஓயும் காலத்தில் இவ்விருவருக்கும் சோறு எங்கிருந்து வரும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதர் நெடுநாள் வாழத் தொடங்கியதால், ஓய்வு வயதைப் பல அரசுகள் உயர்த்தி வருகின்றன. பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் பெறும் வயது 2020-ல் 66 ஆயிற்று. ஜெர்மனியில் அது படிப்படியாக உயர்ந்து 2031-ல் 67 ஆக இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 2020-ல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அலுவலகத்தில் அமர்ந்து கோப்புகளைப் பார்க்கும் எம்மைப் போன்றோருக்கு இரண்டாண்டு கூடுதலாகப் பணிபுரிவது பெருஞ்சுமையன்று. ஆனால் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று ஈரத்தோலைத் தூக்குபவருக்கும், நண்பகல் வெயிலில் களை எடுப்பவருக்கும் அவ்வாறு கூற இயலுமா? சட்டம் வயதை உயர்த்தலாம். முதுகெலும்பு அச்சட்டத்துக்குக் கட்டுப்படாது. அறுபதை எட்டுமுன்பே வேலையை விட நேர்ந்தவர் பலரை நாம் கிராம சபைக் கூட்டங்களில் சந்தித்திருக்கிறோம்.

ஆகவே உழைப்பாளி இரண்டு சேமிப்புகளைச் செய்தல் வேண்டும். ஒன்று, ஓய்வூதியத்துக்கான சேமிப்பு. மற்றொன்று, உடல் ஓய்ந்த நாளுக்கும் ஓய்வூதியம் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கான சேமிப்பு.

முதலில் தொழிற்சாலைத் தொழிலாளரைப் பார்ப்போம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பங்கு பிடிக்கப்படுகிறது. அதற்கு ஈடான தொகையை முதலாளியும் செலுத்துகிறார். முதலாளி செலுத்துவதில் 8.33 பங்கு, 1995-ல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. பத்தாண்டு பணி நிறைந்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. கணக்கு எளியது: ஓய்வூதியத்துக்குரிய சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் 14,000 ரூபாய், பணி 10 ஆண்டு எனில் மாதம் 2,000 ரூபாய் வரும். இருபதாண்டு நிறைந்தவருக்கு மேலும் ஈராண்டு சேர்த்துக் கணக்கிடப்படுவதால் 4,400 ரூபாய் வரும். ஐம்பது வயதிலிருந்தே பெறவும் வழியுண்டு. ஆயினும் முன்னதாகப் பெறும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு 4 வீதம் குறையும்.

நம் பகுதியில் நேரும் பெருந்தவறு யாதெனில், தொழிலாளி ஒரு தொழிற்சாலையை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும்போதெல்லாம் நிதியை எடுத்துச் செலவிட்டு விடுவதாகும். ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்கள் திருமணத்தின்போது இவ்வாறு எடுத்துவிடுவதும் உண்டு. ஓய்வூதியக் கணக்கையும் சேர்த்து முடித்துவிட்டால், உழைத்த ஆண்டுகளும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். நான்காண்டு ஓரிடம், ஐந்தாண்டு ஓரிடம், மூன்றாண்டு ஓரிடம் என்று பன்னிரண்டாண்டு உழைத்தவர், பத்தாண்டுப் பணி இல்லாதவராக நிற்பார். விதைநெல்லை உண்டவர் ஆடியில் எதை விதைப்பார்? எத்தனை இடம் மாறினாலும் உறுப்பினர் எண் ஒன்றே. பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இனி உழவர் நிலையைக் காண்போம். இரண்டு ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடைய சிறு, குறு விவசாயிகளுக்காக 2019-ல் ஓர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கப்பட்டது. 18 முதல் 40 வயது வரை உள்ளோர் சேரலாம். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை செலுத்த வேண்டும். அதே அளவு தொகையை மத்திய அரசும் செலுத்தும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். 2015-ல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாத எத்தொழிலாளரும் அதே வயது வரம்புக்குள் சேரலாம். இதில் மாதம் 5,000 ரூபாய் பெற விரும்புபவர் 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்டுவார். 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய் கட்டுவார். முன்னவர் மொத்தம் கட்டுவது ஏறத்தாழ ஒரு லட்சத்து ஆறாயிரம். பின்னவர் கட்டுவது ஏறத்தாழ மூன்றரை லட்சம். பெறுவதோ இருவரும் ஒன்றே. தாமதத்தின் விலை இதனால் விளங்கும்.

"அரசு முதியோர் உதவித்தொகை தருகிறதே" என்று சிலர் கேட்கலாம். 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அவ்வுதவி, 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. அது ஆதரவற்றோருக்கு நீட்டப்படும் கைத்தாங்கல். ஒரு குடும்பத்தின் முதுமைக்கு அதுவே முழு வருவாயாகாது. அன்றைய 20 ரூபாய் இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று பெரிதாகத் தோன்றும் 5,000 ரூபாய்க்கும் முப்பதாண்டு கழித்து அந்நிலை நேரும். ஆதலின் ஓய்வூதியம் ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

இரண்டாவது சேமிப்பின் அளவு என்ன? 55 வயதில் வேலையை விட்டு 60 வரை காத்திருக்க வேண்டுமெனில் அது 60 மாதம். மாதம் 5,000 ரூபாய் வீதம் 3 லட்சம் தேவை. 35 வயதில் தொடங்கி மாதம் 1,250 ரூபாய் ஒதுக்கினால், வட்டியைச் சேர்க்காமலே அத்தொகை சேரும். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை 100 ரூபாயிலேயே தொடங்கலாம். நாற்பதைக் கடந்தவருக்கும் பொது வருங்கால வைப்பு நிதியின் வாயில் திறந்தேயிருக்கிறது. வட்டி பெறுவதை விரும்பாத அன்பர்கள் கறவை மாடாகவோ, நிலமாகவோ சேர்க்கலாம். மாதந்தோறும் ஒதுக்கும் ஒழுங்கு எவருக்கும் பொதுவானது.

பேராசை காட்டும் நிதி நிறுவனங்களிடம் எச்சரிக்கை தேவை. வேலூர்ப் பகுதியில் மாதந்தோறும் பெருந்தொகை தருவதாகக் கூறிப் பணம் திரட்டியவர்கள்மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குத் தொடுத்தமை நினைவிருக்கும். முதுமைக்கென வைத்த பணம் பரிசோதனைக்குரிய பணமன்று.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்க பணிகள் மூன்று. 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர் பட்டியலைத் தெருவாரியாகத் தயாரித்து, வங்கி, அஞ்சலகம், பொதுச் சேவை மையம் ஆகியவற்றின் ஊழியர்களை அழைத்து ஒரே நாளில் முகாம் நடத்துதல் முதலாவது. ஆதாரில் ஒருவகையாகவும் தொழிற்சாலைப் பதிவில் வேறுவகையாகவும் எழுதப்பட்டுள்ள பெயரையும் பிறந்த தேதியையும் இப்போதே திருத்தச் செய்தல் இரண்டாவது. ஓரெழுத்துப் பிழையால் முதியவர் அலையும் அவலம் இதனால் நீங்கும். வாரிசுதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்று பார்த்தல் மூன்றாவது.

அடுத்த கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். நாற்பதை எட்ட ஓராண்டே உள்ளவர் உங்கள் தெருவில் இருப்பார். அவர் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். அண்ணன் மண்வெட்டியைச் சாய்த்து வைக்கும் நாளிலும், தம்பி தொழிற்சாலை வாயிலைக் கடைசியாகக் கடக்கும் நாளிலும், அவர்கள் பிறர் கையை எதிர்பாராது வாழ்வது இன்று நாம் செய்யும் இச்சிறு பணியைப் பொறுத்ததாகும்.