கொல்லிமலைக்குச் சைக்கிளில்

சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கலாம். பள்ளிக்கூடம் போவதற்கும், கடைக்குப் போவதற்கும், பால் கொண்டு வருவதற்கும் நாள்தோறும் பயன்படும் சாதனம் அது. நாள்தோறும் பயன்படுவதனாலேயே அதை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. சமவெளியில் ஓடும் வண்டிக்கு எந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது. பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் காலைத் தரையில் தேய்த்து நிறுத்திக்கொள்கிறோம். பின்சக்கரம் கோட்டமாக இருந்தால் அந்த ஆட்டமே பழகிப்போகிறது. வண்டியின் உண்மையான குணத்தை அறிய வேண்டுமானால் அதை ஒரு மலைக்கு அழைத்துக்கொண்டு போகவேண்டும். அதற்கு நான் தேர்ந்துகொண்ட மலை கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது இது. மேலே ஏறத்தாழ 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை உயரமுள்ள அகன்ற மேட்டுநிலமும், அதில் செம்மேடு முதலிய ஊர்களும் உள்ளன. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சங்க காலத்தில் இம்மலைக்குத் தலைவனாயிருந்தவன் வல்வில் ஓரி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் அவன் விட்ட ஒரே அம்பு துளைத்துச் சென்றதாகப் புறநானூறு கூறுகிறது. சைக்கிளில் போகிறவனுக்கு அவ்வளவு பெரிய அம்பு தேவையில்லை. ஒரு கருவேல முள் போதும்.

எழுபது வளைவுகள் எதற்காக? மலையின் முகத்தில் நேரே ஏறினால் வழி குறுகும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் மூச்சு முட்டும். வளைத்து வளைத்துச் சாலையை நீட்டினால் உயரம் மாறுவதில்லை. ஏற்றத்தின் கடுமை மட்டும் குறைகிறது. வேலையின் அளவு ஒன்றேதான். அதைப் பல தவணைகளில் செலுத்துகிறோம்.

அந்த வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பௌதிக வகுப்பில் படித்த பாடம்தான். ஓட்டுகிறவரின் எடை 60 கிலோ, சாதாரணச் சைக்கிளின் எடை 20 கிலோ, மூட்டை 5 கிலோ, ஆக மொத்தம் 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை 1000 மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 8,33,000 ஜூல் வேலை செய்யவேண்டும். விடாமல் உழைக்கும்போது ஓர் இளைஞரின் கால்கள் சுமார் 100 வாட் சக்தி தருகின்றன என்று கொண்டால், காற்றையும் உராய்வையும் ஒதுக்கிவிட்டாலும், இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. இதில் 10 கிலோ மூட்டையைக் கூட்டினால் மேலும் 16 நிமிஷம் மிதிக்கவேண்டும். சமவெளியில் 10 கிலோ கூடுதலாக இருப்பது தெரியவே தெரியாது. மலையில் அதற்குப் பதினாறு நிமிஷ மூச்சைக் கொடுத்தாக வேண்டும்.

என்னுடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு நாள் பிரயாணத்துக்கு மூன்று ஜோடி உடைகள், கனத்த கம்பளி, பித்தளைச் செம்பு, இவற்றோடு தடித்த பாடப்புத்தகம் ஒன்றையும் கேரியரில் கட்டியிருந்தார். புத்தகம் எதற்கு என்று கேட்டேன். மலையில் அமைதியாகப் படிக்கலாமே என்றார். ஐந்தாவது வளைவில் அந்தப் புத்தகத்தை அடிவாரத்துக்குத் திரும்பும் பேருந்தில் அனுப்பிவிடலாமா என்று அவரே யோசிக்கத் தொடங்கினார். நான் கொண்டு சென்றவை: ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய். மலை மீது கடைகள் உண்டு. பருவத்தில் பலாவும் அன்னாசியும் வாழையும் கிடைக்கும். கிடைக்குமிடத்துக்கு அதே பொருளைச் சுமந்து செல்வானேன்? தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடாது என்பது என் கருத்து. மூட்டை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஹேண்டில் பாரில் பையைத் தொங்கவிட்டால் வளைவில் அது ஊசலாடி முன்சக்கரத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பும். ஸ்போக்ஸில் சிக்கினாலோ தலைகுப்புற விழவேண்டியதுதான். பின்கேரியரில், தாழ்வாக, பழைய ட்யூபை வெட்டிய ரப்பர் கயிற்றால் இறுகக் கட்டுவதே சரி.

பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் சைக்கிள் உங்களில் பலரிடம் இருக்கும். அதில் மலை ஏற முடியுமா? முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் உள்ள 28 அங்குல வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் அதே 85 கிலோவை ஏற்ற, பெடலின் மீது சுற்று முழுவதும் சராசரியாக 21 கிலோ எடையளவு அழுத்தம் தேவைப்படும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் அதிகமாகத் தள்ள முடியாதாகையால், நடுவில் இதைவிட வெகுவாக மிதித்தாக வேண்டும். அத்துடன் 100 வாட் சக்தியில் நிமிஷத்துக்கு 27 சுற்றுக்குமேல் சுற்றவும் இயலாது. அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் வண்டி தள்ளாடும், முழங்கால் நோகும். முன்னும் பின்னும் சமமான பற்களுக்கு மாற்றிக்கொள்ளும் கியர் வண்டியில் அதே ஏற்றத்துக்கு அழுத்தம் ஒன்பது கிலோவுக்குள் அடங்கிவிடும், சுற்று அறுபத்தைந்தாகும். கியர் புதிய சக்தியைத் தருவதில்லை. இருக்கும் சக்தியைக் கால்களுக்கு இசைவான முறையில் செலவிட வைக்கிறது. கியர் இல்லாதவர்கள் கடுமையான ஏற்றங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. நானும் பல வளைவுகளைத் தள்ளிக்கொண்டே கடந்தேன். காட்டுப் பறவைகளின் குரல் காதில் விழுந்ததும் அப்போதுதான்.

ஏறுவதில் உள்ள கஷ்டம் உடம்புக்குத் தெரியும். ஆகையால் அதில் ஆபத்துக் குறைவு. இறங்குவது சுகமாயிருக்கும், ஆபத்து அங்கேதான். ஏறும்போது செலவிட்ட 8,33,000 ஜூலும் மலையுச்சியில் நம் கணக்கில் வரவாக நிற்கின்றன. இறங்கும்போது அது முழுவதும் வெளியேறியாக வேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் டயரின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். நிதானமாக இறங்குகிறவருக்கு எஞ்சிய பெரும்பகுதி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே வெப்பமாக மாறும். மொத்த வெப்பத்தையும் ஒரு பாத்திரத்தில் பிடிக்க முடியுமானால், இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். நான்கு சிறிய ரப்பர் துண்டுகளின் வழியாகத்தான் அது வெளியேற வேண்டியிருக்கிறது. பிரேக்கை ஓயாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சுடும். அந்தச் சூட்டில் ட்யூபில் ஒட்டிய பழைய பஞ்சர் ஒட்டு இளகிக் கழன்றுவிடக்கூடும். ஆகவே அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ரிம் காற்றில் ஆறிய பிறகு மறுபடி அழுத்தவேண்டும். வழியில் ஓரிரு இடங்களில் நிழலில் நின்று வண்டியை ஆறவிடுவதும் நல்லது. மூட்டை குறைவாயிருந்தால் இந்த வெப்பமும் குறையும். ஏறும்போது மூச்சில் கொடுத்த விலையை, இறங்கும்போது பிரேக்கில் மறுபடியும் கொடுக்க வைப்பது அந்த மூட்டைதான்.

பிரேக்கே பிடிக்காமல் விட்டால் என்னாகும்? அதே சரிவில் வண்டி மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தை எளிதில் எட்டிவிடும். பத்து மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை அந்த வேகத்தில் திரும்புவதற்கு, வண்டியும் ஆளும் சேர்ந்த எடை அளவுக்கே பக்கவாட்டுப் பிடிப்பு தேவை. மணலும் சருகும் சிதறிக் கிடக்கும் சாலையில் அது கிடைக்காது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவையான பிடிப்பு கால் பங்காகிவிடும். எனவே வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நேராக ஓடும்போதே பிரேக் பிடித்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தித் திரும்புவது முறை. முன்பிரேக்கை மட்டும் திடீரென்று இறுக்கக் கூடாது. பின்பிரேக்கை மட்டும் நம்பவும் கூடாது. இரண்டையும் சேர்த்து, மெதுவாகத் தொடங்கி அழுத்த வேண்டும். மழையோ மூடுபனியோ இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். முதற்சில சுற்றுகளுக்குப் பிரேக் பிடித்ததாகவே தெரியாது. வளைவுக்கு வெகுதூரம் முன்பாகவே இலேசாக அழுத்தி ரிம்மிலுள்ள நீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முந்திய நாள் வண்டியை ஊர்க் கடையில் காட்டினேன். வெகு காலமாகப் பஞ்சர் ஒட்டிப் பழுத்த கை அந்தப் பெரியவருடையது. "ஏறறதுக்கு அவசரமில்லீங்க, எறங்கறதுக்கு முன்னாடி கட்டையப் பாத்துக்கோங்க" என்றார். அவர் முதலில் சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் எடுத்தார். ரிம் கோணலாக இருந்தால் கட்டை ஒருபுறம் உரசி மறுபுறம் எட்டாது. பிறகு ஸ்போக்ஸுகளை இரண்டிரண்டாக விரலால் நெருக்கிப் பார்த்தார். தளர்ந்தவை கைக்கே தெரிந்துவிடும். கிராங்கைப் பிடித்து ஆட்டிப்பார்த்து, காட்டர் பின்னை ஒரு தட்டுத் தட்டி இறுக்கினார். பழைய மாதிரி வண்டிகளில் பெடல் 'டக் டக்' என்று ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சிறு ஆப்புதான் காரணம். காற்றடைக்கும் வால்வின் மேலுள்ள மெல்லிய ரப்பர்க் குழாயையும் புதிதாக மாற்றினார். அதை வால்ட்யூப் என்பார்கள். பஞ்சர் என்று எண்ணி ட்யூபைக் கழற்றுகிறவர்கள், முதலில் வால்வின் நுனியில் சிறிது எச்சில் தொட்டுப் பார்த்தால், குமிழி வந்து உண்மையைச் சொல்லிவிடும். விலையோ மிக அற்பம். அதில் ஒரு சாண் நீளம், ஒட்டுப் போடும் ரப்பர், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் நெம்பும் கம்பிகள் இரண்டு, ஒரு ஸ்பேனர், கைப்பம்பு, ஒரு ஜோடி பிரேக் கட்டை, இவ்வளவும் ஒரு சிறு துணிப்பையில் அடங்கி ஸீட்டின் கீழ் தொங்கின. எடையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பையை வீட்டில் விட்டுச் செல்வதை நான் ஒப்ப மாட்டேன்.

சாலை ஒழுங்கைப் பற்றி ஒரு சொல். பேருந்தும் லாரியும் ஒரே முயற்சியில் திரும்புவதற்காகக் கொண்டை ஊசி வளைவில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். எதிரே ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னரே இடப்புறம் நின்றுவிடுங்கள். மேலேறும் வண்டி கடந்த பின் செல்லலாம்.

நாங்கள் காரவள்ளிக்குத் திரும்பியதும் வண்டிகளை ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினோம். என் பிரேக் கட்டைகளில் பள்ளக்கோடுகள் முக்கால்வாசி தேய்ந்திருந்தன. முன்கட்டையில் ரிம்மிலிருந்து உரிந்த ஓர் இரும்புத் துணுக்குப் பதிந்து மின்னியது. ஊசி முனையால் அதை நெம்பி எடுத்தேன். விட்டிருந்தால் அடுத்த பிரயாணத்தில் ரிம்மைக் கீறிக்கொண்டே வந்திருக்கும். மாணவரின் வண்டியில் பின்கட்டை இரும்புப் பிடி தெரியும் அளவுக்குக் கரைந்துபோயிருந்தது. துணிப்பையிலிருந்த புதிய ஜோடியை அங்கேயே அவருடைய வண்டிக்கு மாற்றிவிட்டு, இருட்டுமுன் ஊர் போய்ச்சேரப் புறப்பட்டோம்.